ஊற்றுக்கு மேலே ரம்பம்

தேனி,
11-2-1943, வியாழக்கிழமை.
காலை ஆறு மணி இருபது நிமிஷம்.

அக்காவுக்கு,

இந்த நிமிஷம் ஷெட்டில் நிற்கிற பஸ் ஒன்பது. கிளம்பக்கூடியது மூன்று. மீதி ஆறில் எஞ்சின் கோளாறு எதுவும் இல்லை. கரிதான் கோளாறு.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். யுத்தத்தினால் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது, அதுவும் மானேஜர் மோட்டார் சைக்கிளுக்கே காணாது. அதனால் ஒவ்வொரு பஸ்ஸின் முதுகிலும் ஒரு கேஸ் பிளாண்ட் கட்டியிருக்கிறேன். ஆள் உயர இரும்பு டிரம். அதில் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டிக் காற்று ஊதினால், கரியிலிருந்து கிளம்புகிற வாயு எஞ்சினுக்குப் போகும். வண்டி ஓடும். மதுரையில் இரண்டு வருஷம் தொழில் படித்தது இதற்குத்தான் உதவுகிறது. சொந்தக்காரர்கள் என்னைக் கரிக்கொல்லன் என்கிறார்களாம். சொல்லட்டும்.

வியாபாரி கொண்டுவருவது ஆவாரங்குச்சியும் கருவேலங்கொப்பும் சுட்ட கரி. கையில் பிடித்தால் பொடியாகிறது. பொடி குழாயை அடைக்கிறது. நேற்று உத்தமபாளையம் தாண்டி மேட்டில் வண்டி இருமி நின்றுவிட்டது. டிக்கட் வாங்கினவர்களே இறங்கித் தள்ளினார்கள். ஒரு ராவுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "தம்பி, தள்ளினதுக்குக் கூலி குடுப்பீகளா, இல்ல டிக்கட்டுக் காசத் திருப்பித் தருவீகளா?" என்று கேட்டார். 

விஷயத்துக்கு வருகிறேன். ஊத்துப்பட்டியில் மச்சானும் மற்றப் பத்து வீட்டாரும் பங்காக வைத்திருக்கிற மலைச்சரிவில் வெக்காலியும் உசிலையும் வைரம் பாய்ந்து நிற்கின்றன. உன் கல்யாணத்துக்கு மறுநாள் மச்சானே காட்டினார். அந்த மரத்துக் கரி தட்டினால் மணி போலக் கேட்கும், பொடியாகாது. எனக்கு அது வேண்டும். கொப்பு வேண்டாம், அடிமரம் வேண்டும். கம்பெனி நல்ல விலை கொடுக்கும்.

உங்கள் ஊர்க் கட்டுப்பாடு எனக்குத் தெரியும். ஊற்றுக்கு மேலே கோடாலி ஏறக் கூடாது, கொப்பு கழிக்க அரிவாள் மட்டும். ஏன் என்று மச்சானைக் கேட்டேன். "ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாது, மாப்ள" என்றார். இது ஒரு காரணமா? சரி, கோடாலி ஏற வேண்டாம். இந்தக் கடிதம் வருகிற வண்டியிலேயே இரண்டு ஆள் இழுக்கிற ரம்பம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். உங்கள் கட்டுப்பாட்டில் ரம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஊர்க் கூட்டத்தில் மச்சானை இதையே சொல்லச் சொல். யாராவது பதில் சொல்லிவிட்டால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

தாமதம் கூடாது.

இன்னாசி


இயேசு மரி சூசை

ஊத்துப்பட்டி,
பண்ணைப்புரம் வழி.
22-2-43

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு அக்கா சாராள் எழுதிக்கொண்டது.

இங்கன எல்லாரும் சுகம். அங்கன நீ சுகமா இல்லையான்னு கடுதாசியில ஒரு வரி காணோம். பஸ்ஸுக்குத்தான் சுகமில்லைன்னு எழுதியிருக்க. கடுதாசி மேல இயேசு மரி சூசை போடுறதுக்குமா அங்கன கரி இல்லாமப் போச்சு? அம்மா இருந்தா காதைத் திருகியிருப்பா.

ரம்பம் வந்துச்சு. ஒங்க மச்சான் அதைக் கூட்டத்துக்கு நடுவுல போட்டு, நீ எழுதுனதை அப்படியே சொன்னாக.  பெறகு அழகுமலை மாமா குனிஞ்சு ரம்பத்துப் பல்லைத் தடவிப் பாத்துட்டு, "கடிக்கத்தான் செய்யும். ஆனா கோடாலி இல்லப்பா" அப்படின்னாரு. எல்லாரும் சிரிச்சாக. அந்தச் சிரிப்போட பேச்சு முடிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு மாயக்கா மட்டும், "இன்னைக்கு ரம்பம், நாளைக்கு என்ன, வெடி வைப்பீகளா?"ன்னு கேட்டா. "ஒலையில சோறு கொழையுது, போய்ப் பாரு"ன்னுட்டாக. நானும் வாயத் தெறக்கல. தம்பி அனுப்புன சாமானாச்சே, எப்படித் தெறக்க?

மறுநாளே ஏறிட்டாக. கோடாலி வெட்டுன்னா டொக்கு டொக்குன்னு கேக்கும், எண்ணலாம். இது மூச்சு வாங்குறாப்புல கேட்டுக்கிட்டே இருக்கு. காலையில ஆரம்பிச்சா வெயில் சாயுற வரைக்கும். நாலஞ்சு நாள்ல பழகிரும்னு ஒங்க மச்சான் சொல்றாக.

ஒண்ணு மட்டும் மனசுல வையி. என் கொடிக்கால் முழுக்க அந்த ஊத்துத் தண்ணியிலதான் நிக்குது. நெல்லுன்னா நாலு நாள் பொறுக்கும். வெத்தலைக்கொடி பொறுக்காது, தலையத் தொங்கப் போட்டுரும். எங்களுக்கு வேற சோறு இல்ல. மேல என்ன செஞ்சாலும் ஊத்தைப் பாத்துச் செய்யச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை எழுது. நீ எழுதுனா கேப்பாக.

இன்னொரு சந்தேகம். நான் கோயில் சட்டைக்கு இஸ்திரி போடுறது தேங்காச் சிரட்டைக் கரியிலதான். கணகணன்னு நின்னு எரியுது, சாம்பலும் கொஞ்சம். அது ஒன் பஸ்ஸுக்கு ஆகாதா? கம்பம் வரைக்கும் தென்னந்தோப்புதானே கெடக்கு. வெவரம் தெரியாமக் கேக்குறேன், சிரிக்காத.

ஒழுங்காச் சாப்பிடு.

சாராள்


தேனி,
2-6-1943.

அக்காவுக்கு,

நீ பிப்ரவரியில் எழுதியதற்கும் மே மாதம் எழுதியதற்கும் சேர்த்து இப்போதுதான் உட்கார முடிந்தது. காரணம், வேலை. வேலைக்குக் காரணம், உங்கள் கரி.

ஒன்பது பஸ்ஸும் ஓடுகின்றன. கூடலூர் வரை ஒரு ஆள் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. அந்த ராவுத்தர் மறுபடியும் ஏறினார். மேடு வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். வண்டி நிற்கவில்லை. "என்னப்பா, நான் சும்மாவே உக்காந்து வரவா?" என்று உட்கார்ந்தார். எனக்கு அன்று சம்பளமே தேவைப்படவில்லை.

கம்பெனி இப்போது மதுரை ரூட்டுக்கும் பிளாண்ட் கட்டச் சொல்கிறது. ஆகவே கரி இரட்டிப்பாக வேண்டும். மண் மூட்டத்தில் சுட்டால் பாதி மரம் சாம்பலாகப் போகிறது. இரும்பில் சூளை ஒன்று செய்து அனுப்பியிருக்கிறேன், மச்சானுக்குத் தனியாக விளக்கம் எழுதிவிட்டேன்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். சிரட்டை: இஸ்திரிப் பெட்டியும் எஞ்சினும் ஒன்றா? வீடு வீடாகச் சிரட்டை பொறுக்குவதற்கு கம்பெனி ஆள் வைக்குமா? அதைச் சோதித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. மரம்: வெட்டின அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். எட்டு வருஷத்தில் மறுபடி வெட்டலாம். புத்தகத்தில் இருக்கிறது. மச்சானிடம் சொல், பயப்பட வேண்டாம்.

நீ அனுப்பிய மிளா மான் கறி உப்புக்கண்டம் வந்தது. ஷெட்டில் எல்லாரும் பங்கு கேட்டு, எனக்கு இரண்டு துண்டு மிஞ்சியது. மரம் வெட்டியதில் மிளா தன்னால் கீழே இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். நல்லதுதானே, தேடி அலைய வேண்டியதில்லை. இன்னும் இருந்தால் அனுப்பு.

இன்னாசி


இயேசு மரி சூசை

ஊத்துப்பட்டி,
24-10-43, ஞாயிறு.

தம்பிக்கு,

பூசைக்குப் போயிட்டு வந்து எழுதுறேன். கோபத்துல எழுதக் கூடாதுன்னு ரெண்டு வாரம் பொறுத்தேன்.

ஆடி மழைக்கு ஓடை செக்கச்செவேல்னு வந்துச்சு. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததுலருந்து ஊத்துக் கலங்கிப் பாத்ததில்ல. வாய்க்கால்ல கால் வச்சா முழங்கால் வரைக்கும் சகதி. மேல இருந்த மண்ணு பூராவும் என் கொடிக்கால்ல கெடந்துச்சு. அள்ளிப்போட எட்டு நாளாச்சு. சரி, தண்ணி வந்ததேன்னு இருந்தேன். ஐப்பசி பொறந்துருச்சு. நெறஞ்சு வழிய வேண்டிய மாசம். ஊத்து நூலாட்டம் வருது. கொடத்தை வச்சிட்டுப் போயி, மாடு கட்டிட்டு வந்து பாத்தாலும் நெறையல.

மிளாவைப் பத்தி நீ எழுதுனது இன்னும் நெஞ்சுல நிக்குது. அதுக தானா எறங்கல இன்னாசி. நிக்க எடமில்லாம எறங்குச்சு. ஒங்க மச்சான் பன்னிக்குன்னு லைசென்ஸ் வாங்குன துப்பாக்கி, மொதல்ல கொடிக்காலக் காக்கச் சுட்டுச்சு. அப்புறம் கறிக்குச் சுட்டுச்சு. இப்ப சந்தையிலருந்து ஆளே வந்து, நாளைக்கு உண்டான்னு கேக்குறான். வெள்ளிக்கிழமையின்னுகூடப் பாக்காமச் சட்டி ஏறுது. போன வாரம் அறுத்தது பொட்டை. வயித்துல குட்டி முழுசா இருந்துச்சு, குளம்பு கூட முத்தல. அறுத்தவுக கைய ஒதறிட்டு அங்கிட்டுப் போயி நின்னாக. கொஞ்ச நேரந்தான். பெறகு வந்து மிச்சத்தை அறுத்தாக.

அதோட நான் உப்புக்கண்டம் போடுறதை விட்டுட்டேன். ஒனக்கும் இனி வராது.

நீ ஒரு வார்த்தை எழுது. கரி வேண்டாம்னு எழுது. நீ வாங்கலன்னா இவுக வெட்டுறத நிறுத்துவாக. நான் சொன்னா, "ஒன் தம்பியே கேக்குறான், படிச்சவன், நீ என்ன கண்ட?"ங்கிறாக. ஒன் பேரை வச்சே என் வாயை அடைக்கிறாக. கொடிக்கால் போச்சுன்னா நாங்க இந்த ஊர்ல எதுக்கு இருக்கணும்?

ஊத்துக்கு மேல இன்னும் ஒரு பட்டம், நீளத் துண்டா, மரம் நிக்குது. அதையாவது விடச் சொல்லு.

சாராள்


தேனி,
29-10-1943.

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மழை குறைவு. மழை குறைந்தால் ஊற்று குறையும். இதில் என் ரம்பம் எங்கே வந்தது? இன்னொன்று கேள். மரம் தண்ணீர் குடிக்கிற சாமான். ஒரு தொட்டியில் நூறு பேர் குடிக்கிறார்கள், எண்பது பேரை வெளியே அனுப்பிவிட்டால் தொட்டியில் தண்ணீர் கூடுமா, குறையுமா? நீயே சொல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். வரும் தை மாதம் ஊற்று பெருகவில்லை என்றால் அப்போது பேசு.

கரி வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாய். போன வாரம் கெங்குவார்பட்டியிலிருந்து இடுப்புவலி எடுத்த ஒரு பெண்ணை நம் வண்டி பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாட்டுவண்டியில் போயிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ரேஷன் அரிசி எதில் வருகிறது? உன் கடிதம் எதில் வந்தது? உன் கொடிக்கால் வெற்றிலையை எதில் போட்டு மதுரைக்கு அனுப்புகிறார் மச்சான்? எல்லாம் கரியில் ஓடுகிறது. ஒரு மிளாவுக்காக இதையெல்லாம் நிறுத்தி வைக்க நான் தயாராக இல்லை.

கூட்டத்தில் வாய் திறக்காதது நீ. வெட்டுவது மச்சான். சுடுவதும் மச்சான். ரம்பம் அனுப்பினவன் மட்டும் குற்றவாளியா?

மிச்சம் நிற்கிற பட்டத்தையும் டிசம்பருக்குள் முடிக்கச் சொல்லி மச்சானுக்கு எழுதிவிட்டேன். இனிமேல் தண்ணீரைப் பற்றி எனக்கு எழுதாதே. என்னிடம் தண்ணீர் இல்லை.

இன்னாசி


இயேசு மரி சூசை

ஊத்துப்பட்டி,
6-2-44.

தம்பி இன்னாசிக்கு,

தண்ணீரைப் பற்றி எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆகையால் இத்தனை நாள் எழுதவில்லை. இதுவும் தண்ணீரைப் பற்றிய கடிதம் அல்ல. எங்கள் விலாசம் மாறுகிறது, அதைத் தெரிவிப்பதற்காக எழுதுகிறேன்.

வருகிற புதன்கிழமை நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறோம். கங்காணி சம்மதித்துவிட்டார். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

கொடிக்காலைப் பிடுங்கியாயிற்று. கொடி காய்ந்து போனதால் பிடுங்குவதற்குச் சிரமம் இல்லை. கொடி ஏற்றின அகத்தி மட்டும் நிற்கிறது.

கரி இனி வராது. கடைசி மூட்டைகள் போன சனிக்கிழமை ஏறிவிட்டன. ஊற்றுக்கு மேலே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஊற்று வாயில் இருக்கிற நீர்மருது ஒன்றுதான் நிற்கிறது. பயந்தோ இரக்கப்பட்டோ அதை விடவில்லை. அடி பெருத்தது, உன் ரம்பத்தின் நீளம் எட்டவில்லை.

ரம்பம் மாயக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது. உன் சாமான். நேரம் ஒழிந்தபோது வந்து எடுத்துக்கொள்.

சாராள்


தேனி,
26-3-1944, ஞாயிற்றுக்கிழமை.

அக்காவுக்கு,

உன் கடிதம் ஒரு மாதத்துக்கு மேல் என் டூல் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. மறுபடியும் தண்ணீர்ப் புகார் என்று நினைத்தேன். போன திங்கட்கிழமை கரி தீரப்போகிற நிலையில், உங்கள் ஊர் லோடு ஏன் வரவில்லை என்று பார்க்கத்தான் பிரித்தேன். கரிக்காகத்தான் பிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஊத்துப்பட்டிக்குப் போனேன். எதில் போனேன் என்று கேள். கடைசி மூட்டைகளில் மிஞ்சியதைப் போட்டு ஓட்டின பஸ்ஸில். வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. அவ்வளவு நல்ல கரி.

உன் வீடு பூட்டியிருந்தது. மலையில் ஏறினேன். எனக்கு நினைவிருந்த மலை அங்கே இல்லை. அடிக்கட்டை தழைத்திருக்கும் என்று நம்பித்தான் ஏறினேன். தழைத்துத்தான் இருக்கிறது. தழைக்கிற தழையெல்லாம் ஆடு கடித்துக் கடித்து, ஒவ்வொரு கட்டையும் சிரைத்த தலைபோல இருக்கிறது. நிழல் போனதும் புல் வந்தது, புல்லுக்கு ஆடு வந்தது. புத்தகத்தில் எட்டு வருஷம் என்றுதான் போட்டிருந்தது. ஆட்டைப் பற்றிப் போட்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

ஆட்டுக்காரர் சுயம்புலிங்கம் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க எஞ்சினியரே. மரத்தப் பாக்க வந்தீகளா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எதுக்கு மெனக்கெட்டு மேல ஏறுனீக? கீழ ஒங்க வண்டி நிக்குதுல்ல, அதுக்குள்ளதான் கெடக்கும், தெறந்து பாருங்க."

அவரைத் தாண்டி மேலே ஏறினேன். 

வண்டியிலிருந்து ஒரு டின் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். சரிவில் பாதியை ஊற்றினேன். சிமிட்டித் தரையில் ஊற்றின மாதிரி நிற்காமல் கீழே ஓடிவிட்டது. மிச்சத்தை நீர்மருதுக்கு அடியில், சருகு கிடந்த இடத்தில் ஊற்றினேன். கையை எடுப்பதற்குள் காணோம். மண் குடித்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் தொட்டிக் கணக்கு தப்பு. மலை தொட்டி இல்லை. தண்ணீரைக் குடித்த ஆட்களை அனுப்புவதாக நினைத்து, தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த ஆட்களை அனுப்பியிருக்கிறேன். இந்தச் சோதனைக்கு ஒரு டின் தண்ணீர் போதும். போன வருஷம் பிப்ரவரியிலேயே செய்திருக்கலாம்.

ஊற்றில் தண்ணீர் இல்லை. மிளாவின் காலடி தேடினேன். அதன் புழுக்கைகூட இல்லை.

ரம்பத்தை எடுக்க மாயக்காள் வீட்டுக்குப் போனேன். "ஒங்க அக்கா இதையும் குடுத்துட்டுப் போனா, மலையில இஸ்திரி என்னத்துக்குன்னு" என்று உன் இஸ்திரிப் பெட்டியைக் காட்டினாள். திறந்து பார்த்தேன். பாதி எரிந்த சிரட்டைக் கரி கிடந்தது. கையில் நசுக்கினேன், பொடியாகவில்லை. தட்டினேன். மணி மாதிரி கேட்டது.

மாயக்காள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன தம்பி, கரியக் கையில வச்சுக்கிட்டு இப்படி நிக்கிறீக?" என்றாள்.

நீ கேட்டாய். சிரிக்காதே என்று வேறு சொல்லியிருந்தாய்.

மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம்.

இன்னாசி


இயேசு மரி சூசை

ஏலத்தோட்டம்,
குமுளிக்கு மேல்.
17-4-44

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

பாஸ்காத் திருநாள் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. இங்கன கோயில் ரொம்பத் தூரம். பிள்ளைகளோட கீழ எறங்கி ஏறுறதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிருது. அதனால பாஸ்காவுக்கு லயத்து வீட்டுலயே முட்டி போட்டோம்.

ஒன் கடுதாசிய ஒங்க மச்சானுக்கும் படிச்சுக் காட்டுனேன். தொட்டிக் கணக்கு வர்ற எடத்துல, "இன்னொருக்கப் படி"ன்னாக. படிச்சேன். "அவன் என்னத்தக் கண்டான், சின்னப் பய. வெட்டுனது என் கையி"ன்னாக. பெறகு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாக. நீ கூட்டத்தைப் பத்தி எழுதுனது எனக்கு அப்பக் கோபம் வந்துச்சு. ஆனா நெசந்தான். நானும் வாயத் தெறக்கல. மாயக்கா தெறந்தா, நான் அவளப் பாத்துச் சிரிச்சவுககூட ஒக்காந்திருந்தேன். மிளாக்கறிய உப்புப் போட்டுக் காயவச்சதும் நாந்தான். அதனால ஒன்னைய மட்டும் தனியா நிக்க வைக்க எனக்கு மனசு வரல.

இந்தத் தோட்டத்துல ஒரு வேடிக்கை. மரத்தத் தொட்டா கூலி பிடிச்சுருவாக. ஏலத்துக்கு நெழல் வேணுமாம். தலைக்கு மேல வானமே தெரியல. நடக்குற தடமெல்லாம் சொதசொதன்னு இருக்கு. முந்தாநாள் தடத்து ஓரத்துல கசியுற தண்ணியில கைய வச்சேன். எடுக்க மனசில்லாம நின்னேன். கங்காணி, "என்ன, மீன் பிடிக்கிறியா?"ன்னு அதட்டுனாரு. ஆனா இதே தோட்டத்துல ஏலக்கா ஒலத்துற கொட்டகைக்கு வெறகு வேணுமே. அது எங்கிருந்து வருதுன்னு கேக்காத. அந்தா தெரியுற அடுத்த மலையிலருந்து வருது. அதைச் சொமக்குறது ஒங்க மச்சான்.

சாயங்காலம் ஒரு மிளா கத்துச்சு. ஒங்க மச்சான் தலையத் தூக்குனாக. துப்பாக்கிய இங்க வர்ற செலவுக்கே வித்தாச்சு. அது கத்தி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக. பெறகு, "ஆண்தான்"னு மட்டும் சொன்னாக.

நீ மன்னிப்புக் கேக்கல, நானும் குடுக்கல. அது அப்படியே கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் கேக்குறேன், நீ இனி என்ன செய்யப் போற? வருத்தப்படுறேன்னு எழுதாத. வருத்தம் எங்ககிட்டயே நெறைய இருக்கு.

ஒழுங்காச் சாப்பிடு.

சாராள்


இயேசு மரி சூசை

தேனி,
28-4-1944, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ, மச்சான், பிள்ளைகள் சுகமா?

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். வரிசையாக எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

1. சிரட்டைக் கரி. தோப்புக்காரர்களிடம் கேட்டு வாங்கிச் சுட்டு, இரண்டு வாரமாக ஒரு வண்டியில் போட்டு ஓட்டுகிறேன். ஓடுகிறது. கிடைக்கிற சிரட்டைக்கு நாலு பஸ் ஓட்டலாம். ஒன்பது ஓடாது. நாலு போதும் என்று மானேஜரிடம் சொன்னேன். "ஏன்யா, வேற மலையே இல்லையா?" என்றார். இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். மரக்கரிக்கு நான் பிளாண்ட் கட்டித் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வேறு ஃபிட்டர் பார்க்கலாம். பார்த்தால் என்னால் தடுக்க முடியாது. நிற்கப்போகிற ஐந்து வண்டியில் யாருடைய ஆஸ்பத்திரிப் பயணம் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியாது. அதையும் நான்தான் சுமக்க வேண்டும்.

2. ரம்பத்தை நாலு துண்டாக வெட்டிக் களைக்கொத்து அடிப்பேன். நல்ல எஃகு. அடுத்தவன் கைக்கு ரம்பமாகப் போகக் கூடாது.

3. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஊத்துப்பட்டிக்குப் போய், ஊற்றை ஒட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றி முள் அடைப்பேன். அரிவாள் மட்டும் எடுத்துப் போவேன். சுயம்புலிங்கத்திடம் ஆட்டை ஊற்றுக்குக் கீழேயே நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "நீங்க மரத்த நிறுத்துனாப்புலயா?" என்றார். மறுபடியும் கேட்பேன். எட்டு வருஷம் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

4. மிளா. இதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பட்டியலில் விட்டுவிட்டால் மறந்த மாதிரி ஆகும், அதனால் எழுதுகிறேன்.

5. உன் கொடிக்கால் அகத்தி காய்ந்துகொண்டு வருகிறது. நெற்று முற்றினவற்றைப் பறித்து விதை எடுத்து மாயக்காளிடம் கொடுத்து வைப்பேன். நீ திரும்பி வருவாயா என்று கேட்க மாட்டேன். விதை இருக்கட்டும்.

6. மாதம் ஒரு முறை ஊற்று வாயில் கையை வைத்துப் பார்த்து உனக்கு எழுதுவேன். தண்ணீர் வந்தாலும் எழுதுவேன். வரவில்லை என்றாலும் எழுதுவேன்.

தம்பி,
இன்னாசி